கூக்காலுக்கு ரெண்டு டிக்கெட்

"கூக்கால் ரெண்டு" என்று கேட்டதும் கண்டக்டர் என்னையும் மகளையும் ஒரு கணம் பார்த்தார். "ஊர்ல யார் வீட்டுக்குங்க?" என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, ஏரியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறோம் என்றேன். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும் முன்பே, திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டார். "அதை விட்டுட்டா ராத்திரி அங்கதான், பாத்துக்கங்க. பாப்பாவ முன்னாடி ஜன்னலோரம் உக்கார வைங்க, வளைவு ஜாஸ்தி."

மே மாதத்து ஒரு காலை. கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு வெளியே கார்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ஹாரன் சத்தத்தில் எதிரே பேசுபவர் குரல் கேட்கவில்லை. எங்கள் பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் மேல்மலைக்காரர்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் என்று கொடைக்கு மேற்கே விரியும் கிராமங்களை மேல்மலை என்றும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தைக் கீழ்மலை என்றும் சொல்வது இங்கே வழக்கம். சுற்றுலா வருகிறவர்களில் பலருக்கு இந்தப் பிரிவே தெரியாது. ஏரியைச் சுற்றி, தூண் பாறையைப் பார்த்து, நெரிசலில் நின்று, ஊர் திரும்பிவிடுகிறார்கள். கொடையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், அரசுப் பேருந்து போய் நிற்கும் ஒரு ஊரில், இன்னொரு ஏரி இருக்கிறது. அதற்குக் கார் தேவையில்லை என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடலோரத்திலிருந்து மலைக்கு

சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டுகிறது. மதியம் தாண்டிக் கடற்காற்று ஏறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த நாட்களில் வாடகைக் கார் பிடித்து மலைக்கு ஓடுவதுதான் நம் பழக்கமாகிவிட்டது. ஆனால் எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடை ரோட்டில் நிற்கிறது. அம்மையநாயக்கனூரில் இருக்கும் அந்தச் சின்ன நிலையத்தில் விடிகாலையில் இறங்கினால், காற்றிலேயே மலை வந்துவிட்டது தெரியும். இப்போது ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் தொடங்குகிறது. கோடை விடுமுறை டிக்கெட்டை முன்பதிவு தொடங்கும் முதல் நாளே உட்கார்ந்து போட்டுவிட வேண்டும்.

கொடை ரோட்டிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து மலைப்பாதை. வத்தலக்குண்டில் பஸ் நிற்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை தோன்றும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊர். பி.எஸ்.ராமையாவின் ஊர். 'எழுத்து' நடத்திய சி.சு.செல்லப்பா வளர்ந்த ஊர். தமிழ் உரைநடை இவ்வளவு கடன்பட்டிருக்கும் ஒரு சின்ன ஊரைக் கண்ணாடி ஏற்றிய காரில் கடந்து போய்விடுகிறோம். பஸ்ஸில் வந்தால் பத்து நிமிடம் இறங்கி நின்று ஒரு டீயாவது குடிக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கூக்கால் போய் அதே பகலில் திரும்ப முடியாது. இரவு ரயிலில் வந்து, கொடையில் ஒரு நாள் தங்கி, மறுநாள் காலை கூக்காலுக்குப் புறப்படுங்கள். அந்த ஒரு பகல் முழுக்க மேல்மலைக்கு. குழந்தைகளோடு வருகிறவர்கள் பஸ் ஏறும்போது வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். என் மகள் அதை முகர்ந்துகொண்டே வந்தாள்.

வண்டி எண்ணிக்கையும் பஸ் எண்ணிக்கையும்

ஊட்டிக்கும் கொடைக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று அந்தக் கோடைப் பருவத்துக்கு வரம்பு வைத்தது. உள்ளூர் வாகனங்களுக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போயிருக்கிறது.

இந்த உத்தரவை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் வண்டியைக் குறைப்பதோடு வேலை முடியவில்லை. ஒரு பஸ்ஸில் உட்காரும் ஐம்பது பேர், காருக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பதிமூன்று கார்களில் வருவார்கள். கொண்டை ஊசி வளைவில் அந்தப் பதிமூன்று கார்கள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதை மலைப்பாதையில் ஒரு முறை மாட்டிக்கொண்டவர்கள் அறிவார்கள். காரை விட்டுவிட்டு வரத் தயாராக இருப்பவர்களுக்கு வழி செய்து கொடுத்தோமா? விடிகாலை ரயில்களுக்கு இணைப்பாகக் கொடை ரோட்டிலிருந்து நேராக மலைக்குப் பேருந்து வேண்டும். கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் மேல்மலை வண்டிகளின் நேரம் தமிழில், பெரிய எழுத்தில், தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் கூடுதல் நடைகள் வேண்டும். கூடுதல் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இருக்கிற வண்டியில் நாம் போய் நிரம்பினால், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஒரு பெரியம்மா நின்றுகொண்டு போக நேரும். அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் மலைப்பகுதிகளுக்கும் விரிவாகும் என்று 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அந்தச் சலுகைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் உட்கார இடமும் இருக்க வேண்டும்.

கொடைக்கானல் ஒரு காலத்தில் முழுக்க முழுக்க மோட்டார் இல்லாத ஊர்தான். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டிக்கொண்டபோது சாலை ஏது? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் நடை, குதிரை, இல்லையென்றால் டோலி. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார் ஏறும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் முழுமை பெற்றது. அந்த டோலிகளைத் தூக்கிச் செங்குத்துப் பாதையில் ஏறியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் தோளில் விழுந்த பாரத்தை நினைத்தால், பழைய காலத்தை அப்படியே திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காரை விலக்கினால் பாரம் யார் தோளில் என்ற இதே கேள்வியோடு மகாராஷ்டிரத்தின் மாதேரான் இன்றும் போராடுகிறது. அந்த மலை ஊருக்குள் சுற்றுலாக் கார்கள் நுழைய முடியாது. தஸ்தூரி என்ற இடத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அல்லது 1907இல் வந்த நேரல்–மாதேரான் குட்டி ரயிலில் ஏற வேண்டும். புகையில்லாத, செம்மண் பாதை கொண்ட அழகான ஊர். ஆனால் அங்கே மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷா 21ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி, மின் ரிக்‌ஷாவுக்கு மாறும்படி உத்தரவிட்டது. கார் இல்லாத பயணத்தின் பாரத்தை இன்னொரு மனிதர் முதுகில் ஏற்றக் கூடாது. கொடை மலையில் அதற்கு விடை ஏற்கெனவே தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது: ரூட்டு பஸ்.

பூம்பாறையில் ஏறிய மூட்டை

பஸ் கிளம்பியதும் சூரிய ஆய்வகம் வருகிறது. 1899இல் அமைந்தது. சூரியனை நாள்தோறும் படமெடுத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். அதைத் தாண்டியதும் ஊர்ச் சத்தம் அடங்கி, யூகலிப்டஸ் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். முன்னால் காட்டு மாடுகள். நான்கைந்து பெரியவை, ஒரு கன்று. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள். பெரிய மாடு சாலை நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. அதன் மூச்சு புகையாகத் தெரியும் அளவுக்கு அருகில். ஐம்பது பேர் இருந்த வண்டியில் ஒரு சத்தம் இல்லை. கன்று ஓடையோரம் இறங்கும் வரை நின்றோம். "ஹாரன் அடிச்சா மெரளும். மெரண்டா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது" என்றார் டிரைவர், திரும்பாமலேயே.

பூம்பாறை மேலிருந்து தெரியும் காட்சியை நிறையப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தட்டுகள், நடுவில் நெருக்கிக் கட்டிய ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். போகர் செய்த சிலை என்று ஊர் நம்பும் முருகன். கார்கள் மேலே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பஸ் ஊருக்குள் இறங்குகிறது.

அங்கே ஏறிய ஒரு அம்மா, மூட்டையை என் காலடியில் வைத்து, "செத்த காலை நகட்டிக்கப்பா" என்றார். மூட்டைக்குள் விதைப்பூண்டு. மே மாதம் ஒரு நடவுக் காலம். மகள் கேட்டதும் மூட்டைக் கயிற்றை அவிழ்த்து ஒரு பூண்டை அவள் கையில் வைத்தார். கடையில் பார்க்கும் வெள்ளைப் பூண்டு போல வழுவழுப்பாக இல்லை. பழுப்பேறிய தோல், லேசான புகை வாசம், நசுக்காமலே மூக்கில் ஏறும் காரம். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடையானது பெரும்பாலும் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். "குறியீடு வந்துச்சு சரி, வெலை வரணுமே" என்றார் அந்த அம்மா. பூண்டைத் திருப்பிக் கொடுத்த மகளிடம், "வச்சுக்க சாமி, ஊர்ல போய் ஒரு தொட்டியில ஊணிப் பாரு" என்றார். கடற்கரை மண்ணில் அது வருமா என்று மகள் இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பூம்பாறையைத் தாண்டிப் பாதை பிரிகிறது. ஒன்று மன்னவனூருக்கு. அங்கே மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் ஒரு ஏரியும் இருப்பதால் கார்கள் அந்தப் பக்கம் போகின்றன. மற்றது கூக்காலுக்கு. பிரிவைத் தாண்டிய பிறகு எதிரே ஒரு காய்கறி வேன் மட்டும் வந்தது.

ஏரி, சோலை, மூடுபனி

ஊருக்குச் சற்று முன்பே ஏரி. கண்டக்டர் விசில் கொடுத்து எங்களை இறக்கிவிட்டார். இறங்கும்போது வழியில் நின்றிருந்த ஒரு பெரியவர், ஒரு மருந்துச் சீட்டையும் மடித்த ரூபாய் நோட்டுகளையும் கண்டக்டர் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். "சர்க்கரை மாத்திரைதான் தம்பி, போன வாட்டி வாங்குனதே." கண்டக்டர் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கூக்கால் ஏரியில் படகு இல்லாத அமைதி இருந்தது. கரை வரை இறங்கும் புல், தண்ணீரில் தலைகீழாக நிற்கும் மரங்கள், தொலைவில் மேயும் மாடுகளின் மணிச்சத்தம். கட்டி எடுத்துப் போன புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது, ஊர் சின்னது. தண்ணீரையும் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வரியை விடுங்கள். அந்தக் கரையில் உடைந்த மதுப் பாட்டில் ஒன்று கிடந்தது. வெறுங்காலோடு மாடு ஓட்டி வந்த ஒரு பையன் அதைச் சுற்றி விலகி நடந்தான். இங்கே வருகிறவர்கள் மனதில் அந்தக் கால்கள் இருக்க வேண்டும்.

ஏரிக்கு மேலே சோலை. மலை மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி, பாசி போர்த்தி, உள்ளே இருட்டாக இருக்கும் காடு, சுற்றிலும் புல்வெளி. மழையை உறிஞ்சி வருடம் முழுக்கக் கசியவிடுவது இந்தச் சோலையும் புல்லும் சேர்ந்துதான். வடக்குச் சரிவில் வடிவது சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்குச் சரிவில் வடிவது வைகைக்கு. கடலோரத்தில் இருக்கும் நமக்கும் இந்தப் பாசிக்கும் உறவு உண்டு. ஆனால் 1973க்கும் 2014க்கும் இடையில் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தோல் பதனிடவும் காகிதக் கூழுக்குமென்று நட்ட வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பஸ் ஜன்னலில் நாம் ரசித்த பச்சையில் பெரும்பகுதி அந்த வெளிநாட்டு மரங்கள்தான். இதை அறிந்த பிறகு கண் தானாகவே புல்லைத் தேடுகிறது.

சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் சாலையோரத்திலேயே நின்றோம். அது போதுமாக இருந்தது. புதருக்குள்ளிருந்து யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல் ஒரு சத்தம். பழனி மலையின் பெயரையே தாங்கிய சிரிப்பான் பறவைகள். இவற்றின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற மிஷனரியின் பெயர் இருக்கிறது. 1860களில் இந்த மலையில் பறவைகள் சேகரித்தவர். அவர் அனுப்பிய இன்னொரு பறவை, நீல உடலும் வெள்ளை வயிறுமாகச் சோலையின் தரையோரத்தில் வாழ்வது. அது எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்ற குழப்பம் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. 2017இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இது உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று கண்டு அதற்கு 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சோலை என்ற சொல் லத்தீன் வால் முளைத்து உலகத்தின் பறவைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அந்த நீலப் பறவையை அன்று நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டு மணி வாக்கில் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது. பிறகு தண்ணீர். பிறகு பத்தடி தள்ளி நின்ற மகள். கோடை மழை பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஊரை நோக்கி நடந்து ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பெஞ்சில் ஏற்கெனவே இருந்த இருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இங்கே விவசாயம் செய்யும் குன்னுவர்கள் கொங்குச் சமவெளியிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்த கதையை, ஆங்கிலேய அதிகாரி நெல்சன் 1868இல் எழுதிய மதுரைக் கையேட்டில் படித்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர்கள் பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுதான் அங்கே முக்கியம். ஒருவர் மட்டும் என்னிடம் கேட்டார்: "கார் எங்க நிப்பாட்டிருக்கீங்க?" பஸ்ஸில் வந்தோம் என்றதும் முகம் மாறியது. "அப்ப இன்னொரு டீ குடிங்க. வண்டி வர நேரமிருக்கு."

இறங்கும்போது

திரும்பும் வண்டியில் வேறு டிரைவர், வேறு கண்டக்டர். கேரட் மூட்டை, இரண்டு கோழி, கொடைக்கானலில் படிக்கும் ஒரு பெண்ணின் துணிப்பை. பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கினோம். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் நடப்பதோ, வழியில் இறங்கி நிற்பதோ வேண்டாம். காலையில் பார்த்த காட்டு மாடுகளின் நேரம் அது.

பூம்பாறைக்கு முன்னால் ஒரு குறுகலான வளைவில் எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. காலையில் எங்களை ஏற்றி வந்த அதே வண்டி. ராத்திரி மேலே ஹால்ட்டாம். இரண்டு வண்டிகளும் ஜன்னலோடு ஜன்னல் உரச நின்றன. எங்கள் டிரைவர், "மேல மழை, பாத்துப் போ" என்றார். அந்தப் பக்கம் படிக்கட்டில் நின்ற காலைக் கண்டக்டர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "ஏரி பாத்தாச்சா பாப்பா?" என்று கேட்டார். மகள் தலையை ஆட்டினாள்.

அவர் சட்டைப் பைப் பொத்தானுக்கு மேலே, மருந்துக் கடையின் வெள்ளைக் கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.